கடைசிப் பந்தி

இந்தக் காலத்துக் கல்யாணங்களைப் பற்றி ஊரெங்கும் ஒரு புலம்பல் கேட்கிறது. முகூர்த்தம் முடிந்து, முதல் பந்தியில் திருப்தியாகச் சாப்பிட்டு, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, மண்டபத்து மின்விசிறிக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிற பெரியவர்கள்தாம் இந்தப் புலம்பலின் ஆஸ்தான வித்வான்கள். "எங்கள் காலத்தில் உறவுக்காரர்கள் பத்து நாள் முன்னாலேயே வந்து இறங்குவார்கள். ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார்கள். இப்போது? ஒரே மாதிரி சட்டை போட்ட நாலு பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுகிறார்கள். எல்லாம் காண்டிராக்ட்! பாசம்கூடக் காண்டிராக்ட்!"

கேட்பவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். பத்திரிகைகளிலும் இதையே கொஞ்சம் கண்ணீர் கலந்து எழுதுகிறார்கள். கல்யாண காண்டிராக்டர் என்றும், நாகரிகமாக வெடிங் பிளானர் என்றும் அழைக்கப்படுகிற அந்த மனிதர், நம்முடைய அத்தையையும் மாமாவையும் வீட்டைவிட்டுத் துரத்திய வில்லனாகி விட்டார்.

இந்தப் புலம்பலை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இது பொய் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். சற்றுக் கடுமையாகத்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்தக் காலத்துக் கல்யாணத்தை நடத்தியவர் யார்? தலைப்பாகையும் சந்தனப் பொட்டுமாக வாசலில் நின்று கைகூப்பிய தாத்தாவா? இல்லை. அவர் பணம் கொடுத்தார், பேர் வாங்கிக்கொண்டார். நடத்தியவர் வேறொருவர். அவரை நீங்கள் கல்யாணப் போட்டோவில் தேடினால் அகப்படமாட்டார்.

உக்கிராண அறையின் சாவி யார் இடுப்பில் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பருப்பு எத்தனை படி, வெல்லம் எத்தனை வீசை, எந்த அண்டா யார் வீட்டு இரவல், எந்த ஜமக்காளம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற கணக்கெல்லாம் யார் மனசில் இருந்தது? பத்து நாள் முன்னதாக வந்து அப்பளம் இட்டவள் யார்? விரல் வீங்கக் கைமுறுக்குச் சுற்றியவள் யார்? விடியற்காலை இரண்டு மணிக்குக் கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈரப் புடைவையோடு கோட்டை அடுப்பைப் பற்றவைத்தவள் யார்? பெரும்பாலான வீடுகளில் அவள் ஒரு விதவை அத்தை. இல்லாவிட்டால் கஷ்டப்படுகிற ஒன்றுவிட்ட சித்தி. வெளிவேலைக்கு, 'சாப்பாட்டுக்காவது ஆச்சு' என்று வந்து சேர்ந்த ஏழை மாமா ஒருவர். மூட்டை தூக்குவதும் ஸ்டேஷனுக்கு ஓடுவதும் அவர் பங்கு.

கெட்டிமேளம் கொட்டுகிற சமயத்தில் அந்த அத்தை எங்கே இருந்தாள்? கொல்லைக் கதவுக்குப் பின்னால். தான் தூக்கி வளர்த்த மருமகளுக்குத் தாலி ஏறுவதைக் காதால் கேட்டாளே தவிர, கண்ணால் பார்க்கவில்லை. அவள் எதிரே வந்தால் அபசகுனம்! அவள் சுற்றிய முறுக்கு மட்டும் மங்களகரம்! சம்பந்தி வீட்டார் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டாவது பந்தியில். பிறகு பெண்கள், குழந்தைகள், வண்டிக்காரர்கள். எல்லாரும் எழுந்த பிறகு, மாலை நாலு மணிக்கு, ஆறிப்போன சாதத்தில் மோரை ஊற்றிக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தவள் அவள்.

இதற்குத்தான் நீங்கள் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நான் வைக்கிற பெயர் வேறு: கூலியில்லாத வேலை. அவளுக்கும் பாசம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பாசம் இருந்ததால்தான் அவளுக்குக் கூலி கொடுக்காமல் தப்பிக்க உங்களால் முடிந்தது. 'முடியாது' என்று சொல்ல அவளுக்கு இடமில்லை. சொன்னால் போய்த் தங்க ஒரு வீடும் இல்லை. மறுக்க முடியாதவளிடம் வாங்கிய வேலையை நினைத்து இன்று கண்ணீர் விடுவது, வேலை வாங்கியவர்களுக்குச் சுகமாக இருக்கலாம். செய்தவளைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பாள்.

காண்டிராக்டர் நேற்று ஆகாயத்திலிருந்து குதித்தவரல்ல. வீட்டுக் கல்யாணம் மண்டபத்துக்குப் போன அன்றே அவர் பிறந்துவிட்டார். நான் குடியிருக்கும் தேனாம்பேட்டையிலேயே இந்தச் சரித்திரத்தைப் படிக்கலாம். மவுண்ட் ரோடின்மேல் ஆபட்ஸ்பரி என்று ஒரு பழைய தோட்ட மாளிகை இருந்தது. சென்ற நூற்றாண்டின் நடுவில், பட்டணத்தில் வசதியுள்ளவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் ஆபட்ஸ்பரி என்ற பேர் அடிபடும். தெருவை அடைத்துப் பந்தல் போட்டு வீட்டு வாசலில் கல்யாணம் செய்தவர்கள், வாடகை கொடுத்துப் பிறத்தியார் கட்டடத்தில் கல்யாணம் செய்யப் பழகிக்கொண்ட காலம் அது. அந்த மாளிகை போய்விட்டது. அந்த இடத்தில் 2011-ஆம் வருஷம் ஹையாத் ரீஜென்சி ஓட்டலைத் திறந்தார்கள். தோட்ட மாளிகை ஓட்டலானது போலவே, தெருக்களில் தனி வீடுகள் அடுக்கு மாடியாயின. முற்றம் போயிற்று, கொல்லை போயிற்று, கோட்டை அடுப்பு வெட்ட மண்தரை போயிற்று. பத்து நாள் முன்னதாக வந்து இறங்குகிற உறவினரைப் படுக்கவைக்க இரண்டு அறை வீட்டில் இடம் ஏது? மாப்பிள்ளை இரண்டு வார லீவில் அயல்நாட்டிலிருந்து வருகிறான். பெண் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்புவரை ஆபீசுக்குப் போகிறாள். அத்தையும் இப்போது எங்கோ வேலை பார்த்து, தன் காலில் நின்று பென்ஷன் வாங்குகிறாள். தெய்வாதீனமாக அவளுக்கு உங்கள் வீட்டு முறுக்குச் சுற்ற நேரம் இல்லை.

மண்டபக்காரரின் கடிகாரம் வேறு இருக்கிறது. முந்தின நாள் மத்தியானம் சாவியைக் கொடுத்தால், முகூர்த்தத்தன்று சாயங்காலத்துக்குள் காலி செய்துவிட வேண்டும்; அடுத்த கல்யாணக்காரர் வாழை மரத்தோடு வாசலில் நிற்பார். ஐந்து நாள் கல்யாணத்தை ஒன்றரை நாளில் அடக்கவேண்டுமானால், மணி பார்த்து வேலை வாங்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைக்கு அழுகை, சிரிப்பு, சம்பந்திச் சண்டை எதுவும் இருக்கக் கூடாது. பெண்ணைப் பெற்றவர்களால் இது முடியாது. முடியவும் கூடாது; அன்று அவர்கள் அழவேண்டியவர்கள்.

இப்படிப்பட்ட ஆள் முகூர்த்தத்தன்று என்னதான் செய்கிறார் என்பதைச் சென்ற வருஷம் தேனாம்பேட்டையிலேயே ஒரு மண்டபத்தில் முழுக்கப் பார்க்க நேர்ந்தது. பெண்ணின் தகப்பனார் என் பழைய நண்பர். காலை நாலு மணியிலிருந்து அங்கே இருந்தேன். காண்டிராக்டை எடுத்திருந்தது ஒரு பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கூட நாலைந்து பிள்ளைகள். நாலு மணிக்கு அவள் பால் கேன்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நாலரைக்குச் சாஸ்திரிகள் கொடுத்த ஜாபிதாவை வைத்துக்கொண்டு சமித்து, தர்ப்பை, நெய், வரட்டி, பாலிகைக் கிண்ணம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அம்மிக்கல்லை மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். காசி யாத்திரைக்குக் குடை, கைத்தடி, விசிறி. ஊஞ்சல் சங்கிலியைத் தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்பவளிடம் போய், "அக்கா, இன்னும் இருபது நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இதெல்லாம் பெரிசல்ல. நாதஸ்வர கோஷ்டி கும்பகோணம் பக்கத்திலிருந்து வரவேண்டியது. ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து மண்டபத்துக்கு வரட்டும் என்பது என் நண்பரின் திட்டம். ஒரு வேளைச் சாப்பாடும் படுக்கையும் மிச்சம் அல்லவா? இந்தப் பெண் பிடிவாதமாக நின்று, முந்தின நாள் பகல் பஸ்ஸிலேயே அவர்களை வரவழைத்து, மண்டபத்து மாடியில் படுக்கவைத்திருந்தாள். "அநாவசியச் செலவு" என்று நண்பர் இரண்டு நாளாக என்னிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஆறரை மணிக்கு முகூர்த்தம், நாயனமும் தவிலும் மேடைக்குப் பக்கத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தன, தாலி ஏறியது. அரை மணி கழித்து, மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர் பையும் கையுமாக, தூக்கம் கலையாத முகத்தோடு உள்ளே நுழைந்தார். எந்த ராத்திரி பஸ்ஸில் கோஷ்டி வருவதாக இருந்ததோ அதே பஸ்ஸில் வந்தவர் அவர்! வழியில் வண்டி நின்றுவிட்டதாம். இரண்டு மணி நேரம் தாமதம்.

என் நண்பருக்கு இது உறைக்கவே இல்லை. எப்படி உறைக்கும்? நடந்த தப்பு கண்ணுக்குத் தெரியும். நடக்காமல் போன தப்பு யார் கண்ணுக்குத் தெரியும்? கல்யாண காண்டிராக்டரின் உண்மையான தொழில், நடக்காமல் போன விபரீதங்கள்தான். அவற்றை எந்தப் பில்லிலும் எழுத முடியாது.

மத்தியானம் மூன்று மணிக்குக் கணக்குத் தீர்க்க அந்தப் பெண் வந்தாள். நண்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, சம்பந்தி வீட்டாருக்குக் காலையில் ஆறின காபி போயிருக்கிறதே? அதற்குப் பத்தாயிரம் பிடித்துக்கொள்கிறேன்."

"சார், காபி கொண்டுபோனபோது அவர்கள் ரூம் கதவு சாத்தியிருந்தது. இரண்டு தடவை தட்டினேன். அப்புறம் வேறு காபி கலந்து அனுப்பினேன், சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. அவமானம் எனக்குத்தானே?"

அவள் பதில் சொல்லவில்லை. பூக்காரர், கார் டிரைவர், பரிமாறுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அன்றைக்கே அவள் பணம் கொடுத்தாக வேண்டும். பிடித்த பத்தாயிரம் அவர்கள் கூலியில் குறையாது. அவள் கூலியில்தான் குறையும். அங்கிருந்து நேரே லிப்டுக்குப் பக்கத்தில் போய், ஒரு காகிதத் தட்டில் மோர்சாதத்தையும் ஊறுகாயையும் வைத்துக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டாள். காலையிலிருந்து அவள் வாயில் போட்ட முதல் கவளம் அதுதான். பாதியில் போன் அடித்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

நண்பரிடம் அங்கேயே சொன்னேன்: "நீர் பிடித்தது காபிக்கான பணம் அல்ல, அந்தப் பெண்ணின் சோறு." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தக் கட்டுரையைப் படித்தால் இன்னும் வரும். வரட்டும்.

இப்போது விஷயம் விளங்குகிறதல்லவா? அத்தையின் உக்கிராணச் சாவி கைமாறி இந்தப் பெண்ணிடம் வந்திருக்கிறது. சாவியோடுகூட அத்தைக்கு நாம் காட்டிய அலட்சியமும் சேர்ந்தே வந்திருக்கிறது. அதே கடைசிப் பந்தி, அதே மோர்சாதம். ஒரே ஒரு வித்தியாசம்: அத்தையால் கேட்க முடியாததை, இந்தப் பெண் பில் போட்டுக் கேட்கிறாள். அதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. 'எல்லாம் காண்டிராக்ட்' என்று புலம்புகிறோமே, அதன் உள்ளர்த்தம் இதுதான்: சும்மா கிடைத்தது இப்போது காசு கேட்கிறது!

கூட்டம் பெரிதாகப் பெரிதாக இந்த அலட்சியமும் பெரிதாகிறது. 1995-ஆம் வருஷம் இதே சென்னையில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணம் நடந்தது. விருந்துக்கு வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. சாப்பிட்டவர்களை எண்ணிப் புத்தகத்தில் போட்டார்கள். பரிமாறியவர்கள் எத்தனை பேர், அவர்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்று எந்தப் புத்தகமாவது எழுதியதா?

சீர்திருத்தக்காரர்களும் இந்த விஷயத்தில் தப்பவில்லை. 1928-ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். புரோகிதர் இல்லை, ஹோமம் இல்லை. பெண்ணும் ஆணும் சமம் என்ற பிரகடனம் இருந்தது. பெரிய காரியம், சந்தேகமில்லை. அந்த வழியில் வந்த திருமணங்கள் இதே தேனாம்பேட்டையில் அண்ணா அறிவாலயத்துக் கலைஞர் அரங்கத்தில் நடப்பதுண்டு. மேடையில் தலைவர்கள் வாழ்த்திப் பேசுகிறார்கள். மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்: அங்கேயும் அதே அண்டா, அதே வேர்வை, அதே கடைசிப் பந்தி. புரோகிதரை நீக்கினோம்; உக்கிராணத்தை நீக்கவில்லை. வைதிகக் கல்யாணமோ பகுத்தறிவுக் கல்யாணமோ, வேலை செய்கிறவன் கடைசியில் சாப்பிடுகிற சாஸ்திரத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் அபிப்பிராய பேதமே இல்லை!

இதனால் காண்டிராக்டர் செய்வதெல்லாம் சரி என்று நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். முகூர்த்தத்தன்று அவருடைய எல்லை எது என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சட்டப் புத்தகத்திலேயே கிடைக்கிறது. 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தின் 7-வது பிரிவைப் பாருங்கள். இரு தரப்பில் ஒருவருடைய வழக்கப்படி சடங்கு நடக்க வேண்டும். அதில் சப்தபதி உண்டானால், அக்கினிக்கு முன்னால் ஏழாவது அடி வைத்ததும் திருமணம் நிறைவேறிவிடுகிறது. 1967-ல் அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகப் புரிகிற பாஷையில் சொன்னால் போதும். மாலை மாற்றினால் போதும். மோதிரம் அணிவித்தால் போதும். தாலி கட்டினால் போதும். 2024-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில், இந்துத் திருமணம் ஆட்டம் பாட்டத்துக்கும் விருந்துக்கும் ஏற்பட்ட நிகழ்ச்சி அல்ல என்று கண்டித்தது. சடங்கு நடக்காமல் சான்றிதழை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் அது திருமணம் ஆகாது என்றும் சொல்லிற்று.

ஆக, கல்யாணத்துக்கு வேண்டியது இரண்டு மனிதர்கள், ஒரு வாக்கு, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற நாலு பேர். இதற்கு வெளியே இருப்பதெல்லாம் ஏற்பாடு. பால், பூ, பந்தல், பாத்திரம், கார், காபி, தாம்பூலப் பை எல்லாம் காண்டிராக்டர் ராஜ்யம்; அங்கே அவர் சொல்வதே சட்டமாக இருக்கட்டும். ஆனால் அந்த வாக்கும், அதைப் பார்க்கிற கண்களும் யாருக்கும் குத்தகை விடக்கூடாதவை.

நாமோ எதைக் குத்தகை விடக்கூடாதோ அதையும் சேர்த்து விடுகிறோம். மேடையைச் சுற்றிக் காமிராக்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கிருந்தோ வந்த பெரியம்மா தாலி கட்டுவதைச் சுவரில் மாட்டிய திரையில் பார்க்கிறாள். அதை வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கலாமே! "சார், மாலையை இன்னொரு தடவை போடுங்கள், வெளிச்சம் சரியில்லை" என்று ஒரு குரல். வாசலில் சந்தனமும் கல்கண்டும் நீட்டிப் பன்னீர் தெளிக்க, ஒரே நிறப் பட்டுப் புடைவையில் நாலு பெண்கள் கூலிக்கு நிற்கிறார்கள். வருகிறவர் மாமாவா, மளிகைக் கடைக்காரரா என்று அவர்களுக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே அளவு புன்னகை. உள்ளே பெண்ணின் சித்தப்பா குளிர்சாதன அறையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்குக் காண்டிராக்டரைத் திட்டி என்ன பயன்? பணம் கொடுத்து இப்படிச் செய்யச் சொன்னது யார்?

அந்தக் காலத்தில் சாவி எழுதிய 'வாஷிங்டனில் திருமணம்' உங்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் ஒரு தமிழ்க் கல்யாணத்தை ராக்பெல்லர் அம்மாள் தன் செலவில் நடத்திவைக்கிற கதை. தமிழ் நாவல்களில் வந்த மிகப் பெரிய வெடிங் பிளானர் அந்த அம்மாள்தான். கையில் கோடிக்கணக்கில் பணம் இருந்தும் சடங்கை மாற்றச் சொல்கிற எண்ணம் அவளுக்கு வரவில்லை. அதிசயத்தோடு பார்க்கத்தான் ஆசைப்பட்டாள். பணம் கொடுப்பவருக்கும் ஏற்பாடு செய்பவருக்கும் அந்த அடக்கம் வேண்டும். நம்மவர்களுக்குச் சொந்த வீட்டுக் கல்யாணத்தில்கூட அது இல்லை.

2020-ல் கொரோனா வந்தபோது கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. அந்த வருஷம் நடந்த கல்யாணங்களை நினைத்துப் பார்த்தால் இரண்டு பாடம் கிடைக்கிறது. முதலாவது: வந்த ஐம்பது பேரும் தாலி கட்டுவதைக் கண்ணால் பார்த்தார்கள், பெண்ணின் அண்ணன்மார் பந்தியில் பரிமாறினார்கள், கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது பாடத்தை யாரும் பேசுவதில்லை. அந்த வருஷம் சமையற்காரர், நாயனக்காரர், பூக்கட்டுகிறவர், பந்தல்காரர், பரிமாறுகிற பிள்ளைகள் அத்தனை பேரும் வேலையின்றித் தவித்தார்கள். சாதாரண வருஷத்திலேயே ஆடியும் புரட்டாசியும் மார்கழியும் அவர்களுக்குப் பட்டினி மாசங்கள். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் சம்பாதிப்பதில்தான் வருஷம் ஓடவேண்டும். 'காண்டிராக்ட் இல்லாமலேயே நடந்ததே!' என்று முதல் பாடத்தை மட்டும் படித்துவிட்டுக் குதிப்பவர்கள், இரண்டாவதையும் படிக்க வேண்டும்.

ஆகையால் நான் கேட்பது பழைய காலத்தை அல்ல. அது திரும்பி வரவும் வேண்டாம். வேலையைக் கூலிக்கு விடுங்கள். கூலியை ஒழுங்காகக் கொடுங்கள். என்னென்ன வேலை, என்ன தொகை, எப்போது கொடுப்பது என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். முகூர்த்தத்தன்று காண்டிராக்டருக்கு உத்தரவு போட உங்கள் வீட்டில் ஒரே ஓர் ஆளை நியமியுங்கள். பத்து மாமாக்கள் பத்து உத்தரவு போட்டுவிட்டு, ஒன்று தப்பியதும் பில்லில் கைவைப்பது அநியாயம். வாசலில் நின்று வரவேற்கும் வேலையை மட்டும் கூலிப் பெண்களிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் வேலை. அதில் உங்களுக்குக் கால் வலிக்கத்தான் வேண்டும்.

அத்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காண்டிராக்ட் வந்து அவள் கையை விடுவித்தது. ஆனால் அவள் இடத்தை நீங்கள் விடுவித்தீர்களா? காண்டிராக்டர் உங்களிடம் எழுதி வாங்குகிற ஜாபிதாவில் 'ஆரத்தி எடுக்க சுமங்கலிகள்' என்ற வரி இன்னும் இருக்கிறதே! முறுக்குச் சுற்றவும் அவள் தேவையில்லை, ஆரத்திக்கும் ஆகாது என்றால், கல்யாணத்தில் அவளுக்கு மிஞ்சியது என்ன? ஒரு நாற்காலி, அதுவும் பின்வரிசையில். பாசம் போய்விட்டதே என்று அழுகிறவர்கள் அந்த வரியை அடித்துவிட்டு அத்தையை மணமேடைக்கு அழைத்துக்கொண்டு வாருங்கள். அதற்கு எந்தக் காண்டிராக்டரும் பணம் கேட்கமாட்டார்.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று இரண்டையும் சேர்த்தே நம்முடைய பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். வீட்டை யார் கட்டுகிறார்கள்? கொத்தனார் கட்டுகிறார்; காண்டிராக்டில் கட்டுகிறார். 'சொந்தக்காரர்கள் செங்கல் சுமக்கவில்லையே, பாசம் போயிற்றே!' என்று யாராவது கிரகப் பிரவேசத்தன்று அழுததுண்டா? கிடையாது. மாறாக, அன்றைக்கு மேஸ்திரியைக் கூப்பிட்டு, மனையில் நிறுத்தி, வேஷ்டி துண்டு கொடுத்து, வெற்றிலை பாக்கில் பணம் வைத்துக் கொடுக்கிறோம். அவர் மனம் குளிர்ந்தால்தான் வீடு விளங்கும் என்று நம்புகிறோம். நல்ல நம்பிக்கை. வீட்டுக்கு இருக்கிற அந்த நம்பிக்கை கல்யாணத்துக்கு மட்டும் ஏன் இல்லை?

அடுத்த முகூர்த்தத்தில் உங்கள் வீட்டுக் கல்யாணம் இருக்குமானால் ஒன்று செய்யுங்கள். இரண்டாவது பந்தியில் ஒரு வரிசையை ஒதுக்குங்கள். காதில் கருவி மாட்டிய அந்தப் பிள்ளைகளை, சமையற்கட்டிலிருப்பவர்களை, நாயனக்காரரை, காமிராக்காரரை முறைபோட்டு அங்கே உட்காரவையுங்கள். தலைவாழை இலை போட்டு, பாயசத்திலிருந்து அப்பளம் வரை உங்கள் கையால் பரிமாறுங்கள். அரை மணி நேரம் கல்யாணம் தானாக நடக்கும். ஒன்றும் குடி முழுகிவிடாது. அப்படிப் பரிமாறிவிட்டு வந்து, 'எல்லாம் காண்டிராக்ட் ஆகிவிட்டது' என்று சொல்லுங்கள். அப்போது நானும் உங்களோடு சேர்ந்து தலையை ஆட்டுகிறேன்.